கடையும் கடைப் பணியாளரும்

ராபின்சன்ஸ் என்னும் ஆடையணிப் பெருங்கடை 1858-இல் சிங்கப்பூரில் தோன்றியது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு அதன்மீது வீழ்ந்தது, கடை சாயவில்லை. 1972 நவம்பர் 21-இல் அது தீக்கிரையாகி 9 பேர் மாண்டனர். சில வாரங்களில் ஆர்ச்சர்ட் சாலையில் மீண்டும் எழுந்தது. குண்டும் தீயும் அழிக்காததை மக்களின் வாங்கும் வழக்கம் மாறியதும் கொரோனாவும் அழித்தன. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் எஞ்சிய கடைகள் மூடப்படுமென்று 2020 அக்டோபர் 30-இல் அறிவிப்பு வந்தது.

முதலாளிகளின் சரித்திரம் எழுதுவோர் இத்துடன் ஏட்டை மூடுவர். நாள் முழுதும் நின்று துணி விற்றோரின் கதையோ அங்கேதான் தொடங்குகிறது. அக்கதை நம் தோட்டங்களுக்கு அயலானதன்று. தோட்டங்கள் கைமாறிய காலத்தில் உலு யாம் வட்டாரத்துப் பிள்ளைகளும் பட்டணத்துக் கடைகளை நாடினர்.

பால்மரம் சீவுவோருக்கும் துணி விற்போருக்கும் விதி ஒன்றே. 1980-ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு விதிகளின்படி, தொடர்ந்து 12 மாதம் உழைத்தோருக்கே இழப்பீடு. இரண்டாண்டுக்குக் குறைந்தால் ஆண்டுக்கு 10 நாட் சம்பளம். ஐந்தாண்டுக்குக் குறைந்தால் 15. அதற்கு மேல் 20. பதினோரு மாத ஒப்பந்தத்துடன் வெளியேறுபவருக்கு அவ்விதியில் ஒன்றுமில்லை. 2018 முதல் பெர்கேசோவின் வேலைக் காப்புறுதியும் உண்டு. சந்தா கட்டியவருக்கே அது உதவும்.

தோழர்களே, தோட்டத்துக் கணக்கெழுதும் எளியேன் வேண்டுவது இதுவே: கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தின் காலத்தைப் படியுங்கள், நியமனக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். கடையின் வயது 162 ஆண்டு என்று உலகம் எழுதிவைக்கும். உங்கள் உழைப்பின் வயதை நீங்களே எழுதி வைக்கவேண்டும்.