உப்பளத்தின் கசப்பு நீர்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் பெருவழியில், மல்லாட்டையும் கம்பும் விளையும் மானாவாரி நிலங்களுக்கு நடுவே, ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற அகஸ்தீஸ்வரர் ஆலயத்தைத் தன் பெருமையாகக் கொண்டிருக்கும் கிளியனூரிலிருந்து வடகிழக்கே கழுவேலியைச் சுற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகிறவர், மரக்காணத்து உப்பளங்களைக் காணாமல் திரும்ப முடியாது. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இதுவே என்று சரித்திர ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். சோழர் காலத்துப் பூமீஸ்வரர் கோயில் இன்றும் ஊரில் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் வெட்டியவர்களின் கைகளும் பட்டு நீண்ட பக்கிங்காம் கால்வாய் தெற்கே இங்கேதான் வந்து முடிகிறது. கம்பெனியார் 1805இல் மதராஸ் ராஜதானியின் உப்பைத் தம் ஏகபோகமாக்கிக்கொண்ட பிறகு, அண்டையிலிருந்த பிரெஞ்சுப் புதுச்சேரியின் உப்பு தம் வருமானத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, அங்கே உப்பு விளைவிக்காமல் இருப்பதற்காகவே ஆண்டுக்கு 4,000 வராகன் கொடுப்பதாக 1818இல் உடன்படிக்கை செய்துகொண்டார்கள் என்றால், இந்தக் கரையின் உப்புக்கு அந்நாளில் இருந்த மதிப்பை வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை.

உப்பைப் பற்றியும் உப்பு வரியைப் பற்றியும் எழுதியவர் பலர். உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்பு நீரை யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை. அந்த நீரில் கரைந்திருக்கும் ஒரு தாது, முதலில் பேதி மருந்தாகவும், பிறகு சத்து மாத்திரையாகவும், இன்று செல்போன் கோபுரத்தின் கதிர் தம் உடம்பைத் தாக்குகிறது என்று நம்புகிறவர்களுக்குப் பரிகாரமாகவும் பெயரெடுத்திருக்கும் விந்தையே இக்கட்டுரைக்குக் காரணம்.

உப்பு விளைவதைப் பார்த்திராதவர்கள் கடல் நீர் வற்றினால் உப்பு கிடைக்கும் என்று சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். வற்றுவதிலும் ஒரு கிரமம் இருக்கிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் உண்டு. அதில் முக்கால் பங்குக்கு மேல் நாம் உண்ணும் உப்பு. மெக்னீசியம் சுமார் 1.3 கிராம். தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், மழைக்காலத்தில் குலைந்த பாத்திகளை மிதித்து மிதித்துத் தரையை இறுக்கி, வரப்புக் கட்டி, நீரைத் தேக்கத்திலிருந்து ஒவ்வொரு பாத்தியாக நகர்த்திக்கொண்டு போகிறார்கள். நீரின் கனத்தைப் போமே மானி என்னும் சிறு கண்ணாடிக் கருவியை மிதக்கவிட்டு அளப்பது வழக்கம். 3 டிகிரியில் உள்ளே வந்த கடல் நீர் 25 டிகிரியை எட்டுவதற்குள் ஜிப்சம் பெரும்பாலும் அடியில் படிந்துவிடும்; 25க்கு மேல் உப்பு பூக்கும்; 29, 30 டிகிரிக்குப் பிறகும் நீரை வடிக்காமல் பேராசையால் வைத்திருந்தால், மெக்னீசிய உப்புகள் கலந்து, நாவில் கசந்து, ஆடி மாதத்து ஈரக்காற்றுப் பட்டதும் குவியல் குவியலாக நீர்த்துப்போகும் சரக்குதான் கிடைக்கும். எனவே கைதேர்ந்த அளத்தொழிலாளிக்கு எப்போது வார வேண்டும் என்பதைப் போலவே எப்போது வடித்துவிட வேண்டும் என்பதும் முக்கியமான வித்தை. காலில் வெடிப்பும் கண்ணில் கூச்சமுமாக அந்த வித்தையைச் செய்கிறவர்களின் கூலி, சரக்கின் மேன்மைக்கு ஏற்ப ஒரு நாளும் உயர்ந்ததில்லை என்பதை இங்கே சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

வடித்துவிடும் அந்தக் கசப்புக்கு இங்கிலாந்தில் ஒரு சரித்திரம் உண்டு. எப்ஸம் என்ற ஊரில் 1618ஆம் ஆண்டு வறட்சியில் ஹென்றி விக்கர் என்ற மாட்டுக்காரர் ஒரு குட்டையைக் கண்டதாகவும், தாகமெடுத்த மாடுகளும் அந்தக் கசப்பு நீரைக் குடிக்க மறுத்ததாகவும், ஆனால் அதில் கழுவிய புண்கள் ஆறியதாகவும் ஐதிகம். 1695இல் நெஹிமையா குரூ அந்த உப்பைப் பற்றி நூலே எழுதினார். 1808இல் ஹம்ப்ரி டேவி அதிலுள்ள மெக்னீசியம் என்ற உலோகத்தைப் பிரித்துக் காட்டினார். வைத்தியசாலைகளின் வழியாக நம் நாட்டுக்கு வந்த அந்த உப்புக்கு நம் ஜனங்கள் சுற்றி வளைக்காமல் பேதி உப்பு என்றே பெயர் வைத்தார்கள்.

சத்துக் குறைவால் வியாதி வரும், அந்தச் சத்தைக் கொடுத்தால் வியாதி போகும் என்ற எண்ணம் இப்போது குழந்தைக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. அது நிலைபெற்ற வரலாறோ நெடியது, அதில் உப்புக்குத்தான் தலைமை ஸ்தானம். கழுத்தில் வீங்கும் கழலை நோய் இமயத்தின் அடிவாரமெங்கும் பரவியிருந்தது. பிற்காலத்தில் குன்னூரில் போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையை நடத்திப் புகழ்பெற்ற ராபர்ட் மக்காரிசன், 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கில்கிட்டில் வைத்தியராக இருந்தபோது, அந்நோய்க்குக் குடிநீரில் கலந்த அசுத்தமே காரணம் என்று கருதி, கழலை மிகுந்த ஊர்களின் நீரை வடிகட்டி, மிஞ்சிய வண்டலைத் தாமும் குடித்து, தம்மை நம்பி வந்த மற்றவர்களுக்கும் கொடுத்துப் பரீக்ஷித்தார். காய்ச்சிய வண்டலை வேறு சிலருக்குக் கொடுத்து ஒப்பிடவும் செய்தார். தம் உடம்பையே பணயம் வைத்த அந்தத் துணிவை மதிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று வெளியிலிருந்து வந்து தாக்குகிறது என்ற அபிப்பிராயம் எவ்வளவு பெரிய அறிவையும் வசப்படுத்தும் என்பதையும் கவனிக்க வேண்டும். முக்கியமான குறை நீரில் வந்து சேர்ந்த ஒன்றில் இல்லை. மழையும் வெள்ளமும் அரித்துப்போன மலை மண்ணில் இல்லாமற்போன அயோடினில் இருந்தது.

இதை ஐயத்துக்கு இடமின்றி இந்நாட்டில் காட்டியவர், ஆந்திர தேசத்தில் பிறந்த ராமலிங்கசுவாமி. இமாசலத்துக் காங்கிரா பள்ளத்தாக்கில் 1956இல் தொடங்கி, ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களை மூன்று வட்டாரங்களாகப் பகுத்து, இரண்டு வட்டாரங்களுக்கு அயோடின் சேர்த்த உப்பையும், ஒன்றுக்குச் சாதாரண உப்பையும் பல ஆண்டுகள் வழங்கிப் பார்த்தார்கள். அயோடின் சேர்ந்த இடங்களில் கழலை விழுந்தது. சேராத இடத்தில் விழவில்லை. முடிவு தெரிந்ததும் விடுபட்ட வட்டாரத்துக்கும் அந்த உப்பு போயிற்று. 1962இல் மத்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தை ஏற்படுத்தியது. அயோடின் சேராத உப்பை நேரடி உணவுக்கு விற்கக்கூடாது என்ற தடை, இடையில் ஒருமுறை தளர்ந்து, 2006 மே 17 முதல் மறுபடியும் நாடெங்கும் அமலுக்கு வந்தது. கடலோரத்தார் பலர், கடலிலிருந்து வரும் உப்பில் அயோடின் தானாகவே இருக்காதா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே, ஆனால் ஒரு லிட்டர் கடல் நீரிலுள்ள அயோடின் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, பாத்தியில் பூக்கும் உப்பில் அது தங்குவதும் மிகச் சொற்பம். அதனால்தான் பொட்டாசியம் அயோடேட் கரைசலைக் கிலோ ஒன்றுக்குச் சில பத்து மில்லிகிராம் அயோடின் தங்கும்படி தெளிக்கிறார்கள்.

மெக்னீசியத்தின் முறை பிறகுதான் வந்தது. அமெரிக்காவில் மக்காலம் குழுவினர் 1930களின் தொடக்கத்தில், அந்தத் தாது இல்லாத உணவைக் கொடுத்து வளர்த்த எலிகள் சிறு சத்தத்துக்கும் திடுக்கிட்டு, வலிப்புக் கண்டு மாண்டுபோவதைப் பதிவு செய்தார்கள். நரம்புக்கும் இத்தாதுவுக்கும் உள்ள சம்பந்தம் அன்று முதல் பிரசித்தம். கம்பு, கேழ்வரகு, எள், கீரை, மல்லாட்டை ஆகியவற்றில் அது தாராளமாக உண்டு. தவிட்டை நீக்கித் தீட்டிய வெள்ளை அரிசியில் பெரும்பகுதி போய்விடும். குன்னூரில் மக்காரிசன் இந்தியாவின் பல பிரதேசத்துச் சாப்பாடுகளை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தபோது, சீக்கியர் உணவு தின்ற எலிகள் கொழுத்து விளங்க, நம் மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசி வரிசையில் நின்றன என்பது, இட்லியின் பெருமை பேசும் நமக்குச் சற்றே சங்கடமான செய்தி.

நரம்புத் தளர்ச்சியையும் புதிய இயந்திரங்களையும் சேர்த்துப் பேசுவதும் புதிதன்று. நியூயார்க் வைத்தியர் ஜார்ஜ் பியர்டு 1869இல் அத்தளர்ச்சியைத் தனி வியாதியாக வருணித்தார். 1881இல் எழுதிய நூலில் நீராவியையும் தந்தியையும் செய்தித்தாளையும் அதற்குக் காரணங்களாகக் குறித்தார். அவரே நோயாளிகளுக்கு மின்சார சிகிச்சையும் செய்தார் என்பதுதான் வேடிக்கை: காலத்தின் வேகம் கெடுத்த நரம்பை மின்சாரம் சீராக்கும் என்பது அந்நாளைய நம்பிக்கை. அதே மின்சாரத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய காலம் 1980களில் வந்தது. கணினித் திரைக்கு முன் அமர்ந்து வேலை செய்த ஸ்வீடன், நார்வே தேசத்தார் சிலர் முகத்தில் எரிச்சலும் அரிப்பும் காண்பதாக முறையிட்டார்கள். செல்போன் பரவியதும் தலைவலி, உறக்கமின்மை, படபடப்பு, களைப்பு என்று பட்டியல் நீண்டது. இந்தியாவில் கோபுரங்களின் கதிர்வீச்சுக்கு 2012 செப்டம்பர் முதல் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கே அனுமதி என்று கட்டுப்பாடு வந்தது. சிட்டுக்குருவிகளுக்காகக் கண்ணீர் விடும் 2.0 திரைப்படம் 2018இல் வந்து, கட்டுப்பாட்டை அறியாதவர்களுக்கும் அச்சத்தை அறிமுகப்படுத்தியது.

கதிர் தம்மைத் தாக்குவதாக முறையிடுகிறவர்களின் உபாதை பொய் என்று சொல்வது அநியாயம். அதன் காரணத்தைப் பற்றிய கூற்று வேறு. அதைப் பரீக்ஷிக்க முடியும், பரீக்ஷித்தும் இருக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியார் 2005இல், 725 பேர் கலந்துகொண்ட 31 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, மின்காந்த அலை இருக்கிறதா இல்லையா என்பதை அவர்கள் தம் உடம்பால் உணர்ந்து சொல்ல வல்லவர்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிட்டவில்லை. மறு வருஷம் அக்கல்லூரியாரே, அலையை உணரும் கூருணர்ச்சி தமக்கு இருப்பதாகச் சொன்ன 60 பேரையும் மற்ற 60 பேரையும் உட்காரவைத்து, உண்மையான செல்போன் அலையையும் வெறும் போலியையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். போலிக்கும் தலைவலி வந்தது. உண்மைக்கு வந்த அதே அளவில் வந்தது. பிரெஞ்சு அரசின் ஆன்ஸெஸ் நிறுவனமும் 2018இல், மக்கள் படும் துன்பம் மெய், அலைக்கும் அதற்கும் காரண காரிய சம்பந்தம் நிறுவப்படவில்லை என்றே எழுதியது.

இந்த இடத்தில்தான் மாத்திரை வியாபாரம் நுழைகிறது. மெக்னீசியம், துத்தநாகம், வைட்டமின் சி, மெலடோனின் என்று ஆளுக்கொரு ஜாபிதா. அலை உயிரணுவைத் தளர்த்துகிறது, தாது அதை இறுக்குகிறது என்று சொல்லப்படும் விளக்கம் படிக்க அழகாகத்தான் இருக்கிறது. காங்கிராவில் ஒரு வட்டாரத்துக்குக் கொடுத்து மற்றொன்றுக்குக் கொடாமல் பார்த்ததுபோன்ற பரீக்ஷையில் தேறிய மாத்திரை ஒன்றுமில்லை. என் அபிப்பிராயத்தில் வித்தியாசம் இவ்வளவே: கழலைக்காரருக்கு இன்ன சத்து குறைகிறது என்று முதலில் அளந்தார்கள், பிறகு கொடுத்தார்கள்; இங்கே அளப்பதே இல்லை. மாத்திரை சாப்பிட்டுச் சிலருக்குத் தூக்கம் வருகிறது என்பதை மறுக்கவில்லை. தீட்டிய அரிசியும் தேநீருமாக நாளைத் தள்ளியவர் உடம்பில் மெக்னீசியம் உண்மையாகவே குறைந்திருக்கலாம். அப்போது நீங்கியது அந்தக் குறை, கோபுரத்துக்கு அதில் பங்கில்லை. அமெரிக்க நிபுணர்கள் மாத்திரையாக எடுக்கும் மெக்னீசியத்துக்கு நாளொன்றுக்கு 350 மில்லிகிராமை உச்சவரம்பாக வைத்ததற்குக் காரணம் வயிற்றுப்போக்கு. பேதி உப்பு என்று பெயர் வைத்த நம் ஜனங்களுக்கு அது முன்பே தெரியும். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கோ மிஞ்சிய மெக்னீசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தங்கி இதயத்தையே தளர்த்திவிடும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2005 டிசம்பரில் வெளியிட்ட குறிப்பில், அலையால் துன்பப்படுவதாகச் சொல்லும் நோயாளியை முதலில் நன்றாகப் பரிசோதித்து, அடியில் வேறு வியாதி இருக்கிறதா என்று பார்க்கும்படி வைத்தியர்களைக் கேட்டுக்கொண்டது. வீட்டுக் காற்றும் வெளிச்சமும் ஓசையும் எப்படியிருக்கின்றன என்று விசாரிக்கவும் சொன்னது. களைப்பும் படபடப்பும் உறக்கக் கேடும் சொல்லிக்கொண்டு வருபவர்க்கு நம் பக்கத்து வைத்தியர் முதலில் எழுதித் தருவது ரத்தசோகைப் பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும்தான். ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில், 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனம், இரும்பையும் அயோடினையும் சேர்த்த இரட்டைச் செறிவு உப்பைச் சத்துணவுக் கூடங்களுக்கு அனுப்பிக்கொண்டிருப்பதும் இந்த இரண்டு குறைகளைக் கருதியே.