டைப்ரைட்டிங் ஹையரும் மாதுங்கா விலாசமும்

வேலை தேடுவது என்றால் இன்றைய பிள்ளைகள் செல்பேசியை எடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆபீஸ் வேலை தேடி பம்பாய்க்கு ரயிலேறிய நம்மவர்கள் எடுத்து வந்தவை இரண்டு: ஒரு டைப்ரைட்டிங் சர்டிபிகேட், ஒரு சொந்தக்காரர் விலாசம். இரண்டில் எது வேலை வாங்கித் தந்தது? நான் வங்கிக்காரன். ஆளெடுக்கும் முறை எப்படி மாறியது என்பதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு. அதனால் இந்தப் பதிவு.

முதலில் சர்டிபிகேட். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிடுவது நம் ஊரில் ஒரு சடங்கு மாதிரி. லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. கூடவே ஷார்ட்ஹேண்ட். ஐசக் பிட்மன் 1837-ல் இங்கிலாந்தில் வெளியிட்ட முறை, கும்பகோணத்துப் பையனுக்கு பம்பாயில் சோறு போட்டது! காரணம் எளிது. கம்பெனிக் கடிதங்கள் ஆங்கிலத்தில் போயின. மேலதிகாரி சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்து, பிழையில்லாமல் அடித்துத் தர ஆள் வேண்டும். மராத்தி தெரியாதது ஒரு குறையாகவே படவில்லை.

அடுத்தது விலாசம். மாதுங்காவில் ஒரு சித்தப்பா, ஒரு அத்திம்பேர், யாரும் இல்லாவிட்டால் பக்கத்துத் தெருக்காரர். ஒரே அறையில் நாலைந்து பேர். சாப்பாட்டுக்கு, ஸ்டேஷன் பக்கத்தில் 1942-ல் ராமா நாயக் தொடங்கியது போன்ற உடுப்பி போர்டிங்குகள். அறையில் ஏற்கெனவே வேலையில் இருப்பவர், "எங்க ஆபீஸ்ல ஒரு இடம் காலி" என்று சேதி கொண்டுவருவார். பேப்பரில் விளம்பரம் வருவதற்குள் இடம் நிரம்பிவிடும்.

சரி, அந்த விலாசம் இல்லாதவன்?

திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்களில் பலர் தாராவியின் தோல் பதனிடும் இடங்களுக்குப் போனார்கள். அவர்களுக்கும் சொந்தபந்தம்தான் வழிகாட்டி. ஆனால் அந்த வழி ஆபீஸ் வாசலுக்குப் போகவில்லை. ஊரில் ஜாதி போட்ட கோடு பம்பாய் வரைக்கும் நீண்டது.

மராத்தி இளைஞர்களுக்கும் கோபம். பால் தாக்கரே 1960-ல் தொடங்கிய 'மார்மிக்' பத்திரிகை, நிறுவனங்களில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனா பிறந்தது. அடிபட்டவர்களின் வலி நிஜம், அதற்கு நியாயம் கற்பிக்க முடியாது. ஆனால் வெளியே தெரியாமலே ஆளெடுத்த பழக்கமும் அந்தக் கோபத்துக்குத் தீனி போட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக 1945-ல் தொடங்கிய எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் பிறகு எல்லோருக்கும் திறந்தது. காலியிடங்களை எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-ல் சட்டம் வந்தது. தெரிவித்தால் போதும், அங்கிருந்துதான் ஆளெடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கார்டைப் புதுப்பித்துக்கொண்டே வயதானவர்கள் நம் எல்லார் குடும்பத்திலும் உண்டு.

கதவை அகலமாகத் திறந்தது, என் பார்வையில், பரீட்சைதான். 1969 ஜூலை 19-ல் 14 வங்கிகள், 1980 ஏப்ரல் 15-ல் இன்னும் 6 வங்கிகள் தேசியமயமாயின. கிளைகள் பெருகின. 1970-களின் கடைசியில் வங்கிப் பணியாளர் தேர்வு வாரியங்கள் வந்தன (அதுதான் நம் பி.எஸ்.ஆர்.பி.!). விளம்பரம், எழுத்துத் தேர்வு, இண்டர்வியூ, இட ஒதுக்கீடு. சாத்தூரில் யாரையும் தெரியாத வீட்டுப் பெண்ணும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார முடிந்தது. அந்த வாரியங்கள் 2001-ல் கலைக்கப்பட்டன. 2011-லிருந்து ஐ.பி.பி.எஸ். பொதுத் தேர்வு.

பரீட்சையும் முழு சமத்துவம் இல்லைதான். கோச்சிங் ஃபீஸ் கட்ட முடிந்தவனும், ஆங்கிலம் வீட்டிலேயே கிடைத்தவனும் நாலடி முன்னால் நிற்கிறார்கள். ஆனாலும் விடைத்தாள் "நீ யாருக்கு வேண்டப்பட்டவன்?" என்று கேட்பதில்லை. அது சின்ன விஷயமில்லை.

அப்படியானால் மாதுங்கா விலாசத்துக்கு இனி வேலையில்லையா? இருக்கிறது. பாஷை தெரியாத ஊரில் முதல் போஸ்டிங் கிடைத்து வருகிற பையனோ பெண்ணோ உங்கள் கதவைத் தட்டினால், நாலு நாள் இடம் கொடுங்கள். சிபாரிசு வேண்டாம். ஒரு பாயும், ரசம் சாதமும் போதும்.