கிறிஸ்துமஸ் குடிலுக்குள் இரண்டு கதைகள்

கிறிஸ்துமஸ் காலத்தில் தேவாலயங்களிலும் நண்பர்களின் திறந்த இல்ல உபசரிப்புகளிலும் வைக்கோல் வேய்ந்த குடிலைப் பார்த்திருப்போம். குழந்தை இயேசு, மரியாள், யோசேப்பு, ஆட்டிடையர்கள், ஒட்டகங்களுடன் மூன்று அரசர்கள் என அனைவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். பைபிளிலோ இவர்கள் அனைவரும் ஒரே இடத்தில் சந்திப்பதில்லை. நான்கு நற்செய்தி நூல்களில் மத்தேயு, லூக்கா ஆகிய இரண்டு மட்டுமே இயேசுவின் பிறப்பைச் சொல்கின்றன. இரண்டும் வெவ்வேறு கதைகள்.

லூக்கா சொல்வது

நாசரேத்தில் இருந்த மரியாளிடம் காபிரியேல் என்ற தேவதூதன் வந்து, அவள் ஒரு மகனைப் பெறுவாள் என்று அறிவிக்கிறான். பின்னர், குடிமக்கள் அனைவரும் பெயரைப் பதிய வேண்டும் என ரோமப் பேரரசர் அகுஸ்து ஆணையிடுகிறார். யோசேப்பு, தாவீது அரசரின் வம்சத்தவர். எனவே நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளுடன், நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த தாவீதின் ஊரான பெத்லகேமுக்குச் செல்கிறார். அங்கே தங்க இடம் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி, மாடுகளுக்குத் தீனி வைக்கும் தொட்டியில் கிடத்துகிறார்கள். தமிழ் பைபிள் இத்தொட்டியை ‘முன்னணை’ என்கிறது.

பிறப்புச் செய்தி அரண்மனைக்குப் போகவில்லை. இரவில் வயல்வெளியில் மந்தையைக் காவல் காத்த இடையர்களுக்குத்தான் முதலில் அறிவிக்கப்படுகிறது.

பிறகு எருசலேம் ஆலயத்தில் பெற்றோர் செலுத்தியது பறவைக் காணிக்கை. ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர் இரண்டு புறாக்களைக் கொடுக்கலாம் என்பது அன்றைய யூதச் சட்டம். அவர்கள் ஏழைகள் என்பதை லூக்கா இப்படித்தான் காட்டுகிறார்.

மத்தேயு சொல்வது

இங்கே தேவதூதன் யோசேப்பின் கனவில் வருகிறான். ஆட்டிடையர்களும் முன்னணையும் இல்லை. கிழக்கிலிருந்து நட்சத்திரத்தைக் கண்டு வரும் ஞானிகள், ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்து, பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் ஆகியவற்றைக் காணிக்கையாக வைக்கிறார்கள். புதிய அரசன் பிறந்திருக்கிறான் என்று அஞ்சிய ஏரோது மன்னன், பெத்லகேமிலும் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்ல உத்தரவிடுகிறான். அதற்கு முன்பே கனவில் எச்சரிக்கப்பட்ட யோசேப்பு, தாயையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குத் தப்பிச் செல்கிறார். ஏரோது இறந்த பிறகே அவர்கள் திரும்பி, நாசரேத்தில் குடியேறுகிறார்கள்.

பின்னர் சேர்ந்தவை

ஞானிகள் மூவர் என்றோ அரசர்கள் என்றோ மத்தேயு சொல்லவில்லை. காணிக்கைகள் மூன்று என்பதால் மூவர் என்ற எண்ணம் வந்தது. குழந்தையின் அருகே நிற்கும் மாடும் கழுதையும் இரு நூல்களிலும் இல்லை.

டிசம்பர் 25 என்ற தேதியும் பைபிளில் கிடையாது. ரோமில் 336-ஆம் ஆண்டில் அந்நாளில் விழா கொண்டாடப்பட்டதற்குக் குறிப்பு உள்ளது. ஞானிகளின் வருகைக்கு ஜனவரி 6 தனித் திருநாள். இத்தாலியின் கிரெச்சோ கிராமத்தில் 1223-இல் புனித பிரான்சிஸ் அமைத்த காட்சியே குடில் வழக்கம் பரவக் காரணமாயிற்று.

இரு நூல்களும் ஒத்துப்போகும் செய்திகளும் உண்டு. தாய் கன்னி மரியாள், பிறந்த ஊர் பெத்லகேம், வளர்ந்த ஊர் நாசரேத்து. இன்னொன்றும் உண்டு: லூக்காவில் பேரரசரின் ஆணையும், மத்தேயுவில் மன்னனின் பயமும் அந்த எளிய குடும்பத்தை ஊர்விட்டு ஊர் போக வைக்கின்றன.