ஜெர்மானியவியல்

ஜெர்மானியவியல் என்பது ஜெர்மன் மொழியையும், அம்மொழியில் எழுந்த இலக்கியத்தையும், அதைப் பேசும் மக்களின் பண்பாட்டையும் பல்கலைக்கழக அளவில் ஆராயும் துறையாகும். ஜெர்மன் பேசும் நாடுகளில் இது பெரும்பாலும் மூன்று கிளைகளாகப் பயிலப்படுகிறது: நடுக்கால ஏடுகளை ஆராயும் பழைய இலக்கியப் பிரிவு, பிற்கால நூல்களை ஆராயும் புதிய இலக்கியப் பிரிவு, மொழியின் அமைப்பையும் வரலாற்றையும் ஆராயும் மொழியியல் பிரிவு. ஜெர்மனி 1871இல் ஒரே அரசாக இணைவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றிய இத்துறை, ஜெர்மானியர் என்போர் யாவர் என்பதை மொழியைக் கொண்டு வரையறுக்கும் பணியையும் தொடக்கத்திலேயே தன்மேல் ஏற்றுக்கொண்டது. அதன் வளர்ச்சியும் வீழ்ச்சியும் அப்பணியோடு பிணைந்தவை.

தோற்றம்

18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இலக்கியக் கல்வி என்பது பெரிதும் கிரேக்க, இலத்தீன் நூல்களின் கல்வியாகவே இருந்தது. 1806இல் புனித உரோமப் பேரரசு கலைந்து, பிரஷ்யாவும் நெப்போலியனிடம் தோற்றபின், அரசியலில் கிட்டாத ஒற்றுமையைப் பழம்பாடல்களிலும் மரபுகளிலும் தேடும் வேட்கை கற்றவரிடையே பரவியது. 1200ஆம் ஆண்டை ஒட்டி இயற்றப்பட்ட ‘நிபெலுங்கன் பாடல்’ என்னும் வீரகாவியத்தை 1807இல் தற்கால மொழிக்கு நெருக்கமான வடிவில் வெளியிட்ட ஃபிரீட்ரிக் ஹைன்ரிக் ஃபான் டெர் ஹாகன், 1810இல் புதிதாகத் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழி, இலக்கியப் பேராசிரியராக ஊதியமின்றி அமர்த்தப்பட்டார்.

துறைக்கு அறிவியல் அடித்தளம் இட்டவர் யாக்கோப் கிரிம் (1785–1863). தம் இளவல் வில்ஹெல்முடன் சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவராகவே உலகம் அறிந்துள்ள அவர், 1819இல் ‘ஜெர்மன் இலக்கணம்’ என்னும் நூலின் முதல் பகுதியை வெளியிட்டார். டென்மார்க்கு அறிஞர் ராஸ்மஸ் ராஸ்க் முன்னரே கண்டிருந்த ஒலி ஒப்புமைகளை, 1822இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் ஓர் ஒழுங்கான விதியாக விரித்துரைத்தார். பத்து என்னும் எண்ணைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் முதல் ஒலி ஆங்கிலத்தில் ‘டென்’ என வல்லொலியாகி, ஜெர்மனில் ‘ட்ஸேன்’ என மேலும் திரிந்ததுபோல, உறவு மொழிகளுக்கிடையே ஒலிகள் முறைப்படியே மாறுகின்றன என்பது அதன் சாரம். இத்தகைய ஒப்பியல் ஆய்வு வளர்ந்த சூழலிலேயே 1856இல் கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் வெளிவந்தது.

கார்ல் லாக்மன் (1793–1851) பதிப்பு நெறியை வகுத்தார். கிரேக்க, இலத்தீன் நூல்களுக்குக் கையாளப்பட்டுவந்த முறையைப் பின்பற்றி, கையெழுத்துப் பிரதிகளின் பாடபேதங்களை ஒப்பிட்டு, எது எதிலிருந்து படியெடுக்கப்பட்டது என்று கணித்து, மூலத்திற்கு நெருங்கிய பாடத்தை மீட்டெடுப்பதை அவர் ஜெர்மன் நூல்களுக்கும் பொருத்தினார். 1826இல் அவர் வெளியிட்ட நிபெலுங்கன் பதிப்பு அம்முயற்சியின் விளைவு.

அரசியலும் துறையும்

1837இல் ஹனோவர் மன்னர் அரசியலமைப்பை நீக்கியதை எதிர்த்ததற்காகக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏழு பேராசிரியர்களுள் கிரிம் சகோதரர் இருவரும் இருந்தனர். வேலையிழந்த நிலையில் 1838இல் அவர்கள் ஒப்புக்கொண்ட பேரகராதிப் பணியின் முதல் தொகுதி 1854இல் வெளிவந்தது. அவர்கள் மறைந்தபின் பல தலைமுறை அறிஞர்கள் அதைத் தொடர்ந்தனர். நாடு இரண்டாகப் பிரிந்திருந்த காலத்திலும் கிழக்கு பெர்லினும் கோட்டிங்கனும் வேலையைப் பகிர்ந்துகொள்ள, 1961இல் 32 தொகுதிகளாக அகராதி நிறைவுற்றது. 1846இல் யாக்கோப் கிரிம் தலைமையில் ஃபிராங்க்ஃபர்ட்டில் சட்டம், வரலாறு, மொழி ஆகிய மூன்று துறை அறிஞரும் கூடிய மாநாடு, ஜெர்மானியவியலைத் தேசிய ஒருமைப்பாட்டின் குரலாகவே முன்னிறுத்தியது.

1858இல் ரோஸ்டாக்கில் கார்ல் பார்ட்ஷ் நிறுவிய கருத்தரங்கப் பிரிவே இத்துறைக்கென அமைந்த முதல் தனி நிறுவனமாகக் கொள்ளப்படுகிறது. பேராசிரியர் உரையைக் கேட்டுக் குறிப்பெடுப்பதோடு நில்லாமல், மாணவர் மூல ஏடுகளோடு நேரடியாகப் பழகி ஆய்வு செய்ய இத்தகைய பிரிவுகள் வழிசெய்தன. வில்ஹெல்ம் ஷெரர் போன்றோர் நடுக்காலத்தோடு நின்றிருந்த ஆர்வத்தைப் புதிய இலக்கியத்தின் பக்கமும் திருப்பினர். 1885இல் வைமரில் கவிஞர் கோத்தேயின் கையெழுத்துப் பிரதிகள் ஆய்வுக்குத் திறக்கப்பட்டபின், 1887 முதல் 1919 வரை அவருடைய படைப்புகள் 143 தொகுதிகளாகப் பதிப்பிக்கப்பட்டன. பள்ளிக்கல்வியில் தாய்மொழிப் பாடம் முதன்மை பெற்றதால், ஆசிரியர்களை உருவாக்கும் துறையாகவும் ஜெர்மானியவியல் பெருகியது.

பெண்களுக்கு இத்துறையின் கதவு தாமதமாகவே திறந்தது. பெர்லின் பேராசிரியர் குஸ்தாவ் ரோத்தே தம் வகுப்பில் பெண்களைச் சேர்க்க மறுத்ததால் ஹைடல்பெர்க் சென்று பயின்ற ஆகதே லாஷ், வட ஜெர்மனியின் தாழ்நில மொழி வரலாற்றில் வல்லுநராகி, 1923இல் ஹாம்பர்க்கில் பேராசிரியப் பட்டம் பெற்றார். ஜெர்மனியில் இத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் பணிநீக்கம் செய்யப்பட்ட அவர், 1942இல் ரிகாவுக்கு நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்.

அத்தகைய வெளியேற்றங்களை எதிர்க்காதவர் துறையில் பலர். ஆட்சியை வரவேற்றவர்களும் இருந்தனர். 1933 மே மாதத்தில் பான் நகரில் அவ்வாட்சிக்கு ஒவ்வாத நூல்கள் எரிக்கப்பட்டபோது, அங்கே ஜெர்மானியவியல் பேராசிரியர் ஹான்ஸ் நௌமன் உரையாற்றினார். இலக்கியத்தை ‘இனத்தின்’ வெளிப்பாடாக விளக்கும் போக்கு பாடத்திட்டங்களில் புகுந்தது.

தன்னாய்வு

1945க்குப் பின் துறை அரசியலிலிருந்து விலகி, படைப்பை அதன் காலத்தினின்று பிரித்து, சொல்லையும் வடிவத்தையும் நுணுகி நோக்கும் முறையை நாடியது. சூரிச்சின் எமில் ஸ்டைகரும், 1948இல் ‘மொழியால் ஆன கலைப்படைப்பு’ என்னும் நூலை வெளியிட்ட வுல்ஃப்காங் கைசரும் இதன் முன்னோடிகள். துறை தன் கடந்தகாலத்தைப் பேசாமலிருக்கவும் இம்முறை இடமளித்தது. அம்மௌனம் 1966இல் மியூனிக்கில் நடந்த ஜெர்மானியவியல் மாநாட்டில் கலைந்தது. எபர்ஹார்ட் லேமெர்ட், வால்டர் கில்லி, கார்ல் ஓட்டோ கொன்ராடி, பீட்டர் ஃபான் போலன்ஸ் ஆகியோர் துறைக்கும் தேசியவாதத்துக்கும் இருந்த உறவை வெளிப்படையாக ஆராய்ந்தனர். மாணவர் எழுச்சியும் தொடர்ந்து வந்ததால், சமூக வரலாறு, வாசகரின் பங்கை ஆராயும் ஏற்புக் கோட்பாடு, வெகுமக்கள் இலக்கியம், ஊடகம் ஆகியவை பாடப்பொருளாயின.

பிற நாடுகளில்

இலண்டனில் 1828இல் திறக்கப்பட்ட புதிய பல்கலைக்கழகத்தில் ஜெர்மனுக்கு இருக்கை ஏற்படுத்தப்பட்டது. ஹார்வர்டில் 1825 முதல் அரசியல் அகதியான சார்ல்ஸ் ஃபாலன் ஜெர்மன் கற்பித்தார். முதல் உலகப் போரின்போது எழுந்த வெறுப்பால் அமெரிக்கப் பள்ளிகளில் ஜெர்மன் பாடம் பெருமளவு கைவிடப்பட்டது. 1933க்குப் பின் ஜெர்மனியிலிருந்து புலம்பெயர்ந்த அறிஞர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறைகளுக்குப் புதிய வலுவூட்டினர். வெளிநாடுகளில் மாணவர் மொழியையே அடிப்படையிலிருந்து கற்க வேண்டியிருப்பதால், அங்கே இலக்கியத்தோடு வரலாறு, திரைப்படம், அரசியல் ஆகியவற்றையும் சேர்த்துப் பயிலும் பண்பாட்டு ஆய்வு முறை வேரூன்றியது. 1951இல் நிறுவப்பட்ட கோத்தே நிறுவனம் மொழிக்கல்விக்குத் துணைநிற்கிறது. இந்தியாவில் அது மாக்ஸ் முல்லர் பவன் என்று வழங்குகிறது.

வெளிநாட்டவர் கண்கொண்டு மொழியை நோக்கும் அணுகுமுறை பின்னர் ஜெர்மனிக்குள்ளும் நுழைந்தது. 1978இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் வைன்ரிக் தொடங்கிய நிறுவனம், அயல்மொழியாக ஜெர்மன் கற்பித்தலைத் தனிப் படிப்பாக வளர்த்தது. குடியேறியோரின் எழுத்துகளும் பாடத்திட்டங்களில் இடம்பெற்றுள்ளன. துருக்கியில் பிறந்து, வளர்ந்தபின் ஜெர்மன் கற்று, அம்மொழியிலேயே எழுதிய எமினே செவ்கி ஓஸ்தமாருக்கு 2022இல் ஜெர்மன் இலக்கியத்தின் மிக உயர்ந்த விருதுகளுள் ஒன்றான கியோர்க் பியுக்னர் விருது வழங்கப்பட்டது.