வலிப்பை அடக்கும் உப்பு

பாகூரிலோ வில்லியனூரிலோ நிறைமாதக் கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்துவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே போட வேண்டிய ஊசி மக்னீசியம் சல்பேட். பேதி உப்பு என்று நம் ஊர்க் கடைகளில் விற்கும் அதே உப்புதான், ஊசிக்கென்று சுத்தம் செய்யப்பட்டது. இந்திய அரசின் வழிகாட்டுதல்படி, பயிற்சி பெற்ற செவிலியரே இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் போட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். வழியில் மறுபடி வலிப்பு வராமல் இருக்கவே இந்த முதல் ஊசி.

இந்த வலிப்புக்கு எக்லாம்ப்சியா என்று பெயர். கிராமத்தில் ஜன்னி என்பார்கள். 1906ல் ஜெர்மனியில் ஹார்ன் என்பவர் இதற்கு மக்னீசியம் சல்பேட்டைப் பயன்படுத்தினார். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. அதனால் மருத்துவ உலகம் இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்காவில் மக்னீசியம் நிலைத்தது. நம் நாட்டிலோ சென்னை மகப்பேறு மருத்துவர் எம்.கே. கிருஷ்ண மேனன் 1961ல் எழுதிய முறை பரவியது. பெத்திடின், குளோர்புரோமசின், புரோமெத்தசின் மூன்றும் சேர்ந்த அந்த ‘லைட்டிக் காக்டெய்ல்’ பல ஆண்டுகள் இங்கே வழக்கில் இருந்தது.

விளக்கம் 1984ல் கிடைத்தது. பாரிஸில் நோவாக், ஆஷர் குழுவும், அமெரிக்காவில் மேயர், வெஸ்ட்புரூக் குழுவும் ஒரே ஆண்டில் அதைக் கண்டன. மூளை நரம்பு செல்லின் சவ்வில் என்எம்டிஏ ஏற்பி என்ற வாசல் உண்டு. குளூட்டமேட் வந்து ஒட்டினால் அது திறக்கும். ஆனால் ஓய்வில் செல்லின் உட்புறம் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருப்பதால், இரண்டு நேர்மின்னூட்டம் கொண்ட மக்னீசியம் அயனி உள்ளே இழுக்கப்பட்டு வாசலின் நடுவே சிக்கிக்கொள்கிறது. வாசல் திறந்தும் சோடியமும் கால்சியமும் நுழைய முடியாது. செல் பலமாகத் தூண்டப்பட்டு மின்னழுத்தம் மாறினால்தான் அடைப்பு விலகும். வலிப்பின்போது நடப்பது இதுதான். வெளியே மக்னீசியம் அதிகமானால் அடைப்பும் பலப்படும். எக்லாம்ப்சியாவில் இது மட்டும்தான் காரணமா, இரத்தக் குழாய்கள் தளர்வதும் சேர்கிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆனால் பலன் பற்றிய விவாதம் முடிந்துவிட்டது. 1995ல் இந்தியாவும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வில், டயஸிபாமை விட மக்னீசியம் மறுவலிப்பை 52 சதவீதமும், ஃபெனிடாயினை விட 67 சதவீதமும் குறைத்தது. லைட்டிக் காக்டெய்லோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலும் மக்னீசியமே முந்தியது.

அளவு மிஞ்சினால் இதே உப்பு ஆபத்து. தசைக்குச் செல்லும் நரம்பு முனைகளில் கால்சியத்தின் வழியை அது மறிக்கும். முதலில் முழங்கால் அனிச்சை போகும், பிறகு மூச்சு நிற்கும். அதனால்தான் அடுத்த ஊசிக்கு முன் முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும், மூச்சையும் சிறுநீர் அளவையும் கவனிப்பதும். மாற்று மருந்து கால்சியம் குளுக்கோனேட்.

கர்ப்பிணிக்குக் கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் தெரிந்தால் வலிப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.