ஜபல்பூர் சிறையிலிருந்து கல்லுப்பட்டி வரை: ஒரு புத்தகத்தின் வாழ்க்கை

1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் நாடெங்கும் பரவியது. அதையொட்டிச் சிறைக்குப் போனவர்களில் ஜே.சி. குமரப்பாவும் ஒருவர். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது அவர் இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. இன்னொன்றின் பெயர் 'எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்'. 'நிலைத்த பொருளாதாரம்' என்று தமிழில் சொல்லலாம். அளவில் சிறிய புத்தகம்தான். அதை எழுதியவர் தம் கடைசி ஆண்டுகளை மதுரைக்குத் தென்மேற்கே, கரிசல் பூமியில் இருக்கும் டி. கல்லுப்பட்டியில் கழித்தார். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. புத்தகம் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கிறது.

ஓர் எழுத்தாளர் இறந்த பிறகு அவர் பெயர் அவர் வசம் இருப்பதில்லை. அரசு ஒன்று சொல்லும், ஆராய்ச்சியாளர் ஒன்று சொல்வார், மேடைப் பேச்சாளர் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வார். இந்தப் புத்தகம் வந்த வழியைப் பார்த்தால் குமரப்பாவை யார் எப்போது எப்படி எடைபோட்டார்கள் என்பது விளங்கும். எதை விட்டுவிட்டார்கள் என்பதும் விளங்கும்.

ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்ற பெயரோடு 1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார், பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்காவுக்குப் போய் முதலில் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்திலும் அடுத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பயின்றார். கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மனிடம் பொதுநிதி படித்தபோது, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற கேள்வியைப் பிரிட்டிஷ் அரசின் வரவு செலவுக் கணக்குகளை வைத்தே ஆராய்ந்தார். அந்த ஆய்வுதான் அவரை 1929 மே மாதம் சபர்மதியில் காந்தியிடம் கொண்டுவந்து சேர்த்தது. காந்தி அதைத் தம் 'யங் இந்தியா' பத்திரிகையில் தொடராக வெளியிட்டார். அதோடு குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் வீடு வீடாகப் போய் விவசாயிகளின் வருமானத்தைக் கணக்கெடுக்கும் வேலையையும் கொடுத்தார். கார்னீலியஸ் என்ற பெயரை விட்டுக் குமரப்பா என்ற குடும்பப் பெயருக்குத் திரும்பியவர், அன்றுமுதல் ஏழையின் கணக்கைத் தணிக்கை செய்பவராக ஆனார்.

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர் பொறுப்பு அவருக்கு வந்தது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, காகிதம், சோப்பு என ஒவ்வொரு தொழிலையும் ஆராய்ந்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கையும் செய்தார்கள். சிறையில் எழுதிய புத்தகத்துக்குப் பின்னால் இந்தப் பட்டறையின் அனுபவம் இருக்கிறது.

புத்தகம் என்ன சொல்கிறது? இயற்கையில் இரண்டு வகைச் செல்வம் உண்டு என்று தொடங்குகிறார் குமரப்பா. நிலக்கரி, பெட்ரோலியம், இரும்பு, செம்பு ஆகியவை தேங்கிக் கிடப்பவை. எடுக்க எடுக்கக் குறையும். ஆற்றில் ஓடும் நீரும் காட்டில் வளரும் மரமும் ஓடிக்கொண்டிருப்பவை. முறையாகப் பயன்படுத்தினால் மறுபடி மறுபடி கிடைக்கும். தேங்கியதை நம்பி வாழும் நாடு அது தீரும்போது அடுத்தவன் மண்ணைப் பார்க்கும், போர் அங்கேதான் பிறக்கிறது என்பது அவர் வாதம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது சிறைக்குள்ளிருந்து எழுதிய வாதம் இது.

அடுத்து உயிர்கள் பிழைக்கும் விதத்தை ஐந்தாகப் பிரிக்கிறார். புலி ஆட்டைக் கொன்று தின்கிறது. அதன் வாழ்வுக்கு இன்னோர் உயிர் அழிய வேண்டும். குரங்கு மாந்தோப்பில் புகுந்து பழத்தைத் தின்கிறது. மரத்தை அழிக்கவில்லை, ஆனால் மரத்துக்கு எதுவும் செய்யவும் இல்லை. மூன்றாவது, பூவில் தேன் எடுக்கும் வண்டு. எடுத்துக்கொண்டே மகரந்தம் சேர்த்து அந்தச் செடி காய்க்கவும் உதவுகிறது. நான்காவது, தனக்கென்று இல்லாமல் கூட்டுக்காகச் சேமிக்கும் தேனீக்கள். ஐந்தாவது, கைம்மாறு எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை கொண்டுவரும் தாய்ப்பறவை. மனிதன் அமைக்கும் பொருளாதாரமும் இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில்தான் நிற்கிறது. எந்தப் படியில் நிற்பது என்று தேர்ந்தெடுக்கும் அறிவு மனிதனுக்கு மட்டுமே உண்டு என்பதால் அந்தப் பொறுப்பும் அவனுடையதே. உண்பது, உடுப்பது, வாங்குவது என்று அன்றாடக் காரியங்களில் எது மதிப்புள்ளது என்று முடிவு செய்வதிலேயே பொருளாதாரம் இருக்கிறது என்கிறார்.

1945 ஆகஸ்ட் 20-ல் பம்பாய்க்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து காந்தி இதற்கு முன்னுரை எழுதினார். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இயேசுவைப் பற்றிய நூலைப் போல இது எளிதாகப் புரியாது, இரண்டு மூன்று முறை கவனமாகப் படிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார் காந்தி. குமரப்பாவை நமது கிராமத் தொழில்களின் டாக்டர் என்றும் குறிப்பிட்டார். புத்தகத்துக்குக் கிடைத்த முதல் மதிப்பீடு இது. பாராட்டு இருக்கிறது, வாசகருக்கு ஒரு வேலையும் இருக்கிறது. அந்த வேலையைச் செய்தவர்கள் குறைவு என்பதே பிறகு நடந்த கதை.

சுதந்திரம் வந்தது. காங்கிரஸ் கட்சி நிலச் சீர்திருத்தத்துக்கு ஒரு குழு அமைத்துக் குமரப்பாவைத் தலைவராக்கியது. 1949-ல் வந்த அதன் அறிக்கை, இடைத்தரகர் ஒழிய வேண்டும், உழுபவனுக்கு நிலத்தில் உரிமை வேண்டும், ஒரு குடும்பம் பிழைக்கத் தேவையான அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் யாரும் நிலம் வைத்திருக்கக் கூடாது என்றது. அறிக்கை பேசப்பட்டது, ஆனால் அதன் கூர்மையான பகுதிகள் செயலுக்கு வரவில்லை. 1956-ல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழிலை மையமாக வைத்தது. உருக்காலையும் பெரிய அணையும் எதிர்காலம் என்று நாடு நம்பிய நாட்களில், தேங்கிய செல்வத்தை நம்பாதே என்று எச்சரித்த புத்தகம் பழைய காலத்துச் சரக்காகத் தெரிந்தது. 1950-களின் தொடக்கத்தில் குமரப்பா சீனாவுக்குப் போய்வந்து அங்கு நடந்த நிலச் சீர்திருத்தத்தைப் பற்றி நல்லவிதமாகப் பேசியதும் கம்யூனிஸ்டுகளின் பக்கம் சாய்கிறார் என்றார்கள். காந்தியவாதிகளுக்கு அவர் மிகவும் இடதுசாரி. இடதுசாரிகளுக்கோ வெறும் காந்தியவாதி. ஒரு மனிதர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயர் இரண்டு பக்கமும் இப்படித் தள்ளப்பட்டது.

அந்தக் காலத்தில்தான் உடல்நலம் குன்றிய குமரப்பா டி. கல்லுப்பட்டிக்கு வந்தார். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கும் ஊர். வானம் பார்த்த பூமி. பருத்தியும் சோளமும் கம்பும் மழையை நம்பி விளைந்த மண். கோ. வேங்கடாசலபதி 1940-ல் அங்கே காந்தி நிகேதன் ஆசிரமத்தைத் தொடங்கியிருந்தார். கதரும் கிராமத் தொழிலும் ஆதாரக் கல்வியும் அதன் பணிகள். கொலம்பியாவில் படித்தவர் அங்கே ஒரு சின்ன வீட்டில் எளிமையாக வாழ்ந்தார். புத்தகத்தில் எழுதியதைத் தன் சாப்பாட்டிலும் துணியிலும் நடத்திக்காட்டிய இடம் இது. ஓர் எழுத்தாளரை எடைபோட அவர் வாழ்ந்த விதத்தையும் பார்க்க வேண்டும் என்று கருதுபவர்கள் கல்லுப்பட்டிக்கு வந்தாக வேண்டும். ரத்த அழுத்தம் அவரை விடவில்லை. 1960 ஜனவரி 30-ல், காந்தி சுடப்பட்டு சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, சென்னை மருத்துவமனையில் இறந்தார். அடுத்த ஆண்டு, 1961-ல், தமிழக நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 30 தர ஏக்கர் என்று வரம்பு வைத்த அந்தச் சட்டத்தை அவர் பார்க்கவில்லை.

அவர் மறைந்த பிறகு புத்தகம் எதிர்பாராத திசையில் போனது. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பொருளாதார அறிஞர் இ.எஃப். ஷூமாக்கர் 1955-ல் பர்மா அரசுக்கு ஆலோசகராகப் போனவர். மேலைநாட்டுப் பொருளாதாரம் ஆசியக் கிராமங்களுக்குப் பொருந்தாது என்ற எண்ணம் அங்கே அவருக்கு வலுப்பட்டது. பௌத்தப் பொருளாதாரம் பற்றி 1960-களில் அவர் எழுதிய கட்டுரையில், மனிதனை வளர்க்கும் உழைப்பு எது என்ற கேள்வி வரும் இடத்தில் குமரப்பாவின் இந்தப் புத்தகத்தைத்தான் மேற்கோள் காட்டுகிறார். அந்தக் கட்டுரை 1973-ல் 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' நூலில் இடம்பெற்றது. அதே ஆண்டு உலகை உலுக்கிய பெட்ரோல் நெருக்கடி வந்தது. ஷூமாக்கரின் நூல் எழுப்பிய கேள்வி அந்தக் காலத்தின் கேள்வியானது. 1995-ல் 'டைம்ஸ் லிட்டரரி சப்ளிமெண்ட்' இதழ், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த செல்வாக்கு மிக்க 100 நூல்களில் அதைச் சேர்த்தது. அந்தப் புகழில் ஒரு மேற்கோளின் அளவுக்கு ஒரு தமிழரும் இருந்தார். அது யார் என்று விசாரித்தவர்கள் குறைவு.

இந்தியாவுக்குள் அவரை மறுபடி அழைத்துவந்தவர்கள் சுற்றுச்சூழல் பற்றி எழுதியவர்கள். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1990-களில் காந்தியையும் சுற்றுச்சூழல் இயக்கத்தையும் பற்றிப் பேசியபோது குமரப்பாவை ஒரு முன்னோடியாக முன்வைத்தார். இசை வரலாற்று ஆய்வாளரான மார்க் லிண்ட்லி 2007-ல் அவரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வேணு மாதவ் கோவிந்துவும் தீபக் மால்கனும் ஆவணங்களைத் துருவி எழுதிய விரிவான நூல் 2016-ல் வந்தது. குமரப்பாவின் தாள்கள் டெல்லி நேரு நினைவு நூலகத்தில் பாதுகாக்கப்பட்டதால்தான் இந்த மறுமதிப்பீடு நடக்க முடிந்தது. தாள்களைக் காப்பாற்றுபவர்கள் ஓர் எழுத்தாளரின் இரண்டாம் வாழ்வைக் காப்பாற்றுகிறார்கள் என்பதை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும்.

மூலப் புத்தகத்தை மறுபதிப்பாகத் தந்துவந்தது வாராணசி ராஜ்காட்டில் இருந்த சர்வ சேவா சங்கத்தின் பதிப்பகம். குறைந்த விலையில் காந்திய நூல்களைப் பரப்பிய இடம். நிலம் ரயில்வேக்கு உரியது என்ற முடிவின்பேரில் 2023 ஜூலையில் அந்த வளாகம் காலி செய்யப்பட்டது. ஆகஸ்டில் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. உரிமை வழக்கு எப்படியிருந்தாலும், புத்தகங்கள் வெளியே எடுத்துப் போடப்பட்டது எனக்கு வலித்தது. நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி எழுதிய நூலின் பதிப்பகத்துக்கே நிலைத்த இடம் இல்லாமல் போனது.

இன்று குமரப்பாவின் பெயர் தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மை பேசுபவர்களிடையே மரியாதையோடு வருகிறது. பருவநிலை மாற்றம், மண்ணின் வளம், ரசாயன உரம் என்று எந்தப் பேச்சிலும் அவர் முன்கூட்டியே சொன்னார் என்கிறார்கள். உண்மைதான். 1987-ல் ஐ.நா.வின் ப்ரண்ட்லாண்ட் குழு நீடித்த வளர்ச்சி என்ற கருத்தை உலக அரங்குக்குக் கொண்டுவர நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அதன் சாரத்தை எழுதியவர் அவர். ஆனால் பசுமைக் குமரப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு நிலக் குழுவின் குமரப்பாவை விட்டுவிடுவது பாதி மனிதரைக் கொண்டாடுவதாகும். மண்ணைக் காப்பாற்றுவதும் மண்ணில் உழைப்பவனுக்கு உரிமை தருவதும் அவருக்கு ஒரே வேலை. குத்தகைக்கு உழுபவனுக்கு உத்தரவாதம் இல்லாமல், மண்ணைப் பேணு என்று அவனிடம் சொல்ல முடியாது என்று அந்தத் தணிக்கையாளருக்குத் தெரியும்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. சமூக ஒழுங்கைப் பற்றி எழுதும்போது பழைய வருண அமைப்பைத் தன்னலமற்ற சேவைக்கு மதிப்புத் தந்த படிநிலையாக அவர் விளக்கிய இடங்கள் உண்டு. அதை என்னால் ஏற்க முடியாது. 1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தின் மேல் வைத்த கடுமையான விமர்சனத்துக்கு இந்தப் புத்தகத்தில் போதுமான பதில் இல்லை. கிராமத் தொழில் தழைக்க வேண்டும் என்றால் அந்தக் கிராமத்தில் சாதி எப்படி உழைப்பைப் பங்கிட்டது என்பதை முதலில் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே அவரைப் படிப்பதுதான் அவருக்குத் தகும். கணக்கில் பிழை இருந்தால் மேலதிகாரியிடமே சொல்லும் ஒரு தணிக்கையாளருக்கு நாம் செய்யும் மரியாதை, அவர் கணக்கையும் தணிக்கை செய்வது.

ஆகவே, மறைந்த எழுத்தாளரின் மதிப்பைச் சிலையும் ஆண்டு விழாவும் தீர்மானிக்க முடியாது. வெளிநாட்டவர் காட்டிய மேற்கோளும் போதாது. அவர் எழுதியதை முழுதாகப் படித்து, சரியானதை எடுத்து, தவறானதைத் திருத்தி, வேலைக்குக் கொண்டுவரும் வாசகர்கள் இருந்தால் அவர் வாழ்கிறார். காந்தி 1945-ல் சொன்னது இன்றும் பொருந்தும். இது ஒரே மூச்சில் படித்து முடிக்கும் நூல் இல்லை. மதுரை மாவட்டப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பொருளாதாரம் பயிலும் பிள்ளைகளிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுங்கள். மூன்று முறை படிக்கச் சொல்லுங்கள். மாறுபட்டால் மாறுபடட்டும். கல்லுப்பட்டியில் வாழ்ந்தவரை நாம் முழுதாக மதிப்பிடும் வேலை அங்கேதான் தொடங்கும்.