ஹெர்மிஸின் வயது: மறுமலர்ச்சிக் கால மந்திரக் கலையும் ஒரு காலக்கணிப்பும் (1463–1614)

1460 வாக்கில் லியோனார்டோ டா பிஸ்டோயா என்ற துறவி மாசிடோனியாவிலிருந்து ஒரு கிரேக்கக் கையெழுத்துச் சுவடியைப் புளோரன்ஸுக்குக் கொண்டுவந்தார். அந்நகரை மறைவிலிருந்து ஆண்ட வணிகர் கோசிமோ டி மெடிச்சி, அரிய நூல்களைத் தேடி ஊர் ஊராக ஆளனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. சுவடியில் பதினான்கு சிறு நூல்கள் இருந்தன. அவற்றின் ஆசிரியராக ஹெர்மிஸ் டிரிஸ்மெஜிஸ்டஸ் என்ற எகிப்திய ஞானி குறிக்கப்பட்டிருந்தார். மார்சிலியோ ஃபிச்சினோ அப்போது பிளேட்டோவை இலத்தீனில் பெயர்க்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். பிளேட்டோ காத்திருக்கட்டும், ஹெர்மிஸை முதலில் முடித்துத் தா என்றார் கோசிமோ. எழுபதைத் தாண்டிய நோயாளி அவர். கண்மூடுவதற்குள் அதைப் படித்துவிட விரும்பினார். 1463 ஏப்ரலில் மொழிபெயர்ப்பு முடிந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் கோசிமோ இறந்தார்.

பிளேட்டோவையே காக்க வைக்கும் மதிப்பு இந்தச் சுவடிக்கு அதன் வயதால் வந்தது. ஹெர்மிஸ் மோசேயின் காலத்தவர் அல்லது அவருக்குச் சற்றே பிந்தியவர் என்று அன்றைய அறிஞர்கள் நம்பினார்கள். புனித அகுஸ்தீன் ஹெர்மிஸின் பெயரில் வழங்கிய 'அஸ்கிலேபியஸ்' நூலில் சிலைகளுக்கு உயிரேற்றும் பகுதியைக் கடுமையாகக் கண்டித்தவர். அவரும்கூட நூலின் தொன்மையைச் சந்தேகிக்கவில்லை. ஃபிச்சினோ தம் முன்னுரையில் ஒரு குருபரம்பரையையே வகுத்தார். அதில் ஹெர்மிஸ் முதல்வர், ஆர்ஃபியஸ், பிதாகரஸ் முதலானோர் இடையில், பிளேட்டோ கடைசி. 1471இல் திரெவீசோ நகரில் இந்த மொழிபெயர்ப்பு அச்சேறியது. 1488இல் சியன்னா பேராலயத்தின் தரையில், வாயிலைத் தாண்டியதும் காலடியில் படும் இடத்தில், ஹெர்மிஸின் உருவத்தைப் பளிங்கில் பதித்து, மோசேயின் சமகாலத்தவர் என்று பெயரும் பொறித்தார்கள்.

மறுமலர்ச்சிக் கால மந்திரத்தை அறிவியலின் தொடக்கப் படியாகவோ மூடநம்பிக்கையின் எச்சமாகவோ எழுதுவது வழக்கம். இக்கட்டுரை அதை ஒரு காலக்கணிப்பின் கதையாகப் பார்க்கிறது. இழிவாகப் பார்க்கப்பட்ட ஒரு தொழிலுக்கு அந்தப் பிழையான தேதிதான் ஒன்றரை நூற்றாண்டு மரியாதை வாங்கிக் கொடுத்தது என்பது என் வாதம்.

இங்கே சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 'மந்திரவாதி' என்றால் தமிழில் பில்லி, சூனியம், தாயத்து எல்லாம் கூடவே வந்துவிடும். ஃபிச்சினோ விரும்பிய இலத்தீன் சொல் 'மேகஸ்'. பெத்லகேம் குழந்தையைத் தேடி விண்மீனைப் பின்தொடர்ந்து வந்தவர்களுக்கு விவிலியம் தரும் பெயர் அது. தமிழ் விவிலியம் அவர்களைச் சாஸ்திரிகள் என்றும் ஞானிகள் என்றும் பெயர்த்திருக்கிறது. இரண்டுமே ஃபிச்சினோவுக்குப் பிடித்திருக்கும். தம்மீது மந்திரக் குற்றச்சாட்டு வரும் என்று அஞ்சி 1489இல் எழுதிய தற்காப்புரையில், கிறிஸ்துவை முதலில் வணங்கியவர்களே இந்த மேகஸ்கள்தாம் என்று அவர் நினைவூட்டினார்.

அவர் செய்த மந்திரம் உண்மையில் மருத்துவத்துக்கு மிக அருகில் இருந்தது. மருத்துவரின் மகன்; 1473இல் குருப்பட்டம் பெற்றவர். 1489இல் வெளிவந்த 'வாழ்வு பற்றிய மூன்று நூல்கள்' என்ற அவருடைய படைப்பு, ஓயாமல் படிப்பவர்களின் உடல்நலத்தைப் பற்றியது. படிப்பாளிகளைச் சனி பிடிக்கிறது, உடலில் கரும்பித்தம் ஏறுகிறது, மனம் சோர்கிறது என்றார். தம் ஜாதகத்திலும் சனியே வலுத்திருப்பதாக வருந்தியவர் அவர். பரிகாரமாகச் சூரியன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்றின் அருளை ஈர்க்கச் சொன்னார். பொன், திராட்சை ரசம், நறுமணம், காலை வெயில், எல்லாவற்றுக்கும் மேலாக இசை. உடலுக்கும் ஆன்மாவுக்கும் நடுவே இரத்தத்திலிருந்து எழும் நுண்ணிய ஆவி ஒன்று உண்டு. கோள்களின் ஆற்றல் அதன் வழியாகத்தான் நமக்குள் இறங்குகிறது என்பது அவர் கொள்கை. யாழ் போன்ற ஒரு நரம்புக் கருவியை மீட்டி ஆர்ஃபியஸின் துதிகளை அவரே பாடுவார். கோள்களின் உருவம் பொறித்த தாயத்துகளைப் பற்றி எழுதும்போது மட்டும் நடை தயங்குகிறது. மற்றவர்கள் சொன்னதைச் சொல்கிறேன் என்று நழுவுகிறார். அந்தத் தயக்கத்தில் நான் அச்சத்தை மட்டுமல்ல, நேர்மையையும் காண்கிறேன்.

இந்த மருந்து எவ்வளவு தூரம் சென்றது என்பதற்கு ஒரு சான்று போதும். 139 ஆண்டுகளுக்குப் பின், 1628இல், கிரகணத்தால் தமக்குச் சாவு நேரும் என்று அஞ்சிய போப் எட்டாம் அர்பனுக்காக தொமாசோ காம்பனெல்லா என்ற துறவி ரோமில் சடங்கு செய்தார். அறையை அடைத்து, வெண்துணி கட்டி, நறுமணம் தெளித்து, ஏழு கோள்களுக்கு ஈடாக இரண்டு விளக்குகளும் ஐந்து பந்தங்களும் ஏற்றினார்கள். வெளியே வானம் கெட்டுப்போனதால் உள்ளே ஒரு நல்ல வானத்தைச் செய்துகொண்டார்கள். வியாழனுக்கும் வெள்ளிக்கும் உரிய இசை ஒலித்தது. ஃபிச்சினோவின் நோயாளி கடைசியில் போப்பாகவே இருந்தார்.

ஃபிச்சினோ தயங்கிய இடத்தில் ஜியோவானி பிக்கோ தயங்கவில்லை. 23 வயதில், 1486இல், 900 கருத்துகளை அச்சிட்டு ரோமில் பொது வாதத்துக்கு அறைகூவினார். மதம் மாறிய யூத அறிஞர் ஃபிளாவியஸ் மித்ரிடேட்டஸ் அவருக்காக கபாலா என்ற யூத மறைஞான மரபின் எபிரேய நூல்களை இலத்தீனில் பெயர்த்துத் தந்திருந்தார். மந்திரமும் கபாலாவும் கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை வேறெந்த அறிவைவிடவும் உறுதியாகக் காட்டுகின்றன என்பது அந்தக் கருத்துகளுள் ஒன்று. போப் எட்டாம் இன்னொசென்ட் வாதத்தைத் தடுத்தார். முதலில் 13 கருத்துகளும் பிறகு நூல் முழுவதும் கண்டனத்துக்கு உள்ளாயின. பிரான்ஸுக்குத் தப்பியோடிய பிக்கோ அங்கே பிடிபட்டார். கோசிமோவின் பேரன் லோரென்சோ டி மெடிச்சி தலையிட்டதால் புளோரன்ஸில் பாதுகாப்பாக வாழ்ந்தார்.

இதே இன்னொசென்ட்தான் 1484 டிசம்பரில், ஜெர்மன் நாடுகளில் சூனியக்காரர்களை விசாரிக்க ஹென்ரிக் கிராமருக்கு அதிகாரம் தந்த ஆணையை வெளியிட்டவர். கிராமரின் 'சூனியக்காரிகளின் சம்மட்டி' அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அச்சானது. பிக்கோ மீதான கண்டனத்தையும் இந்தச் சூனிய ஆணையையும் தனித்தனி அலமாரிகளில் வைத்துப் படிப்பது நம் ஆய்வுலகின் பழக்கம். அது தவறு. இலத்தீன் தெரிந்த மேகஸுக்கு ஹெர்மிஸின் பெயரும் ஒரு பிரபுவின் அரவணைப்பும் கேடயமாக இருந்தன. கிராமத்துப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டு வரை ஐரோப்பாவில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 50,000 வரை இருக்கலாம் என்பது இன்றைய மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இவ்விரு உலகங்களும் நேருக்கு நேர் சந்தித்த ஓரிடம் மெட்ஸ் நகரம். 1519இல் அங்கே நகராட்சியின் வழக்கறிஞராக இருந்தவர் ஹென்ரிக் கொர்னேலியஸ் அக்ரிப்பா. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் 'மறைமெய்யியல்' என்ற பெருநூலின் முதல் வடிவத்தை எழுதி, மடத்துத் தலைவர் டிரிதேமியஸிடம் காட்டிப் பாராட்டுப் பெற்றவர். அருகிலுள்ள வுவாப்பி என்ற ஊரின் குடியானவப் பெண் ஒருத்தியைச் சூனியக்காரி என்று பிடித்து வதைத்தார்கள். அவளுடைய தாயை முன்பே சூனியக்காரி என்று எரித்திருந்தார்கள் என்பதே பெரிய சான்றாக வைக்கப்பட்டது. தாயின் பழியை மகள்மேல் ஏற்றுவது ஞானஸ்நானத்தின் ஆற்றலையே மறுப்பதாகும் என்று விசாரணையாளரைச் சமயக் கொள்கையாலேயே மடக்கி, அக்ரிப்பா அவளை மீட்டார். மறு ஆண்டு அவர் அந்த ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. மறுமலர்ச்சி மந்திரவாதிகள் எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்களைவிட இந்த ஒரு வழக்கை நான் உயர்வாக மதிக்கிறேன்.

டிரிதேமியஸின் கதையும் சொல்லத்தக்கது. அவருடைய 'ஸ்டெகனோகிராஃபியா' வான்தூதர்களை ஏவித் தொலைவுக்குச் செய்தி அனுப்பும் நூலாகத் தோன்றும். அதனாலேயே அவருக்குப் பேய்களோடு உறவு என்று பெயர் வந்தது. 1606இல் அது அச்சானபோது, முதல் இரு பகுதிகளில் உள்ள ஆவிகளின் பெயர்களும் மன்றாட்டுகளும் மறையெழுத்து முறைகள் என்று தெரிந்தது. ஆனாலும் 1609இல் அது திருச்சபையின் தடை நூல் பட்டியலில் சேர்ந்தது. மூன்றாம் பகுதியின் எண்களும் மறையெழுத்தே என்று 1990களில் இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியே நிறுவினார்கள்.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேகஸ் அரசவைக்கு வந்துவிட்டார். முதலாம் எலிசபெத்தின் முடிசூட்டுக்கு நாள் குறித்த ஜான் டீ, மோர்ட்லேக் வீட்டில் ஏறத்தாழ 4000 நூல்கள் சேர்த்தவர். 1582 முதல் எட்வர்ட் கெல்லியின் கண்கள் வழியாகப் பளிங்குக் கல்லில் வான்தூதர்களைத் தேடியவர். நேப்பிள்ஸின் டெல்லா போர்த்தா மந்திரத்தை வில்லைகளும் காந்தமுமாக மாற்றிக்கொண்டிருந்தார். 1591இல் பிரான்செஸ்கோ பத்ரீசி, பள்ளிகளில் அரிஸ்டாட்டிலை அகற்றி ஹெர்மிஸைக் கற்பிக்கும்படி போப்பையே வேண்டினார். அந்த மரபின் நம்பிக்கை தொட்ட உச்சம் அதுதான்.

அதைச் சாய்த்தவர் ஒரு கிரேக்க மொழி அறிஞர். ஜெனீவாவில் 1559இல் பிறந்த ஐசக் கசௌபோன், முதலாம் ஜேம்ஸின் ஆதரவில் லண்டனில் இருந்தபடி, கர்தினால் பரோனியஸின் திருச்சபை வரலாற்றை மறுத்து எழுதிக்கொண்டிருந்தார். கிறிஸ்துவின் வருகையை முன்னறிந்த புறவினத்தாரின் வரிசையில் ஹெர்மிஸையும் பரோனியஸ் சேர்த்திருந்தார். கசௌபோன் தம்மிடமிருந்த ஹெர்மிஸ் பிரதியை வரி வரியாகச் சோதித்தார். பிளேட்டோவோ அரிஸ்டாட்டிலோ இந்த நூல்களைக் குறிப்பிடவில்லை. மோசே காலத்து நூல் எப்படி சிற்பி பிடியாஸைப் பற்றிப் பேசும்? பிதியப் போட்டிகளை எப்படி அறியும்? கிரேக்கமும் பழைய கிரேக்கமாக இல்லை. கிறிஸ்துவுக்குப் பின் வழங்கிய சொற்கள் அதில் மண்டிக் கிடந்தன. கருத்துகள் பிளேட்டோவின் 'திமாயஸ்', ஆதியாகமம், யோவான் நற்செய்தி ஆகியவற்றிலிருந்து வந்தவை. ஆகவே கிறிஸ்தவர்கள் சிலர் பிற்காலத்தில் புனைந்த நூல் என்று 1614இல் அறிவித்தார். அதே ஆண்டில் இறந்தும் போனார். அவர் ஓரக்குறிப்பு எழுதிய பிரதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

மந்திர மரபு அன்றே சாய்ந்துவிட்டதுபோல வரலாற்றாசிரியர் பிரான்சிஸ் யேட்ஸ் 1964இல் எழுதினார். அது மிகை என்றே நினைக்கிறேன். 1617இல் ராபர்ட் ஃப்ளட் கசௌபோனைக் கண்டுகொள்ளாமல் ஹெர்மிஸை மேற்கோள் காட்டினார். 1650களில் இயேசு சபைத் துறவி கீர்ச்சரும் அப்படியே. காம்பனெல்லாவின் சடங்கும் 1614க்குப் பிந்தியதுதானே. கசௌபோனின் மகன் மெரிக்கே 1659இல் ஜான் டீயின் வான்தூதர் உரையாடல்களை அச்சிட்டார். டீயிடம் பேசியவை பொல்லாத ஆவிகள் என்றார். ஆவிகள் பேசின என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. தகப்பன் வீழ்த்தியது தேதியை மட்டுமே. ஆனால் தேதி போனபின், ஹெர்மிஸ் சொன்னார் என்று ஒரு போப்பிடம் முறையிடும் துணிவு மெல்ல மெல்ல மறைந்தது.

காலத்தைக் கசௌபோன் சரியாகவே கணித்தார். அந்த நூல்கள் கிறிஸ்துவுக்குப் பிந்திய முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கிறிஸ்தவர்களின் புனைவு என்றது மட்டும் நிற்கவில்லை. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே உழவர்கள் மண்ணைத் தோண்டியபோது ஒரு சாடி கிடைத்தது. அதிலிருந்த ஏடுகளில் 'அஸ்கிலேபியஸ்' நூலின் ஒரு பகுதியும், அதுவரை எவரும் அறியாத ஒரு ஹெர்மிஸ் உரையாடலும் எகிப்தின் சொந்த மொழியான காப்டிக்கில் எழுதப்பட்டிருந்தன.